நடையின் நீளமே ஷாட்டின் நீளம்: மெதுவான சினிமாவும் தமிழ்ப் பார்வையாளரின் பொறுமையும்

மெதுவாக நகரும் திரைப்படங்களைப் பார்க்கும் பொறுமை தமிழ்ப் பார்வையாளருக்கு இல்லை என்ற கருத்து திரையுலகிலும் விமர்சன உலகிலும் ஏறக்குறைய முடிந்த முடிவாகவே நிலைத்துவிட்டது. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர், பெருநகரங்களின் திரைவிழா அரங்குகளுக்குச் செல்வதற்கு முன், தருமபுரி மாவட்டத்தின் அரூர் வட்டத்தைக் கவனிப்பது நல்லது. தீர்த்தகிரீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற தீர்த்தமலை இவ்வட்டத்தில்தான் உள்ளது. இம்மலையும் இதைப் போன்ற குன்றுகளும் சூழ்ந்த இந்த வறண்ட நிலப்பரப்பில், கோடை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா எடுக்கும் வழக்கம் இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. பகலில் பாரதக் கதையைப் பாடிப் பொருள் சொல்லும் சொற்பொழிவும், இரவில் விடியும்வரை தெருக்கூத்தும் எனப் பல நாட்கள் தொடரும் இவ்விழாவைக் குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை தரையில் அமர்ந்து பார்க்கிறார்கள். அர்ச்சுனன் தபசு நாளில், நெடிய தபசு மரத்தின் அடியில் பாடத் தொடங்கும் நடிகர், ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் பாடி, உச்சியை அடைந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் கூட்டத்தை நோக்கி வீசும் வரையில் மணிக்கணக்கில் நேரம் செல்கிறது. கதையளவில் பார்த்தால் அந்நேரம் முழுவதும் ஒரு மனிதர் ஒரு மரத்தில் ஏறுகிறார் என்பதைத் தவிர வேறொன்றும் நிகழ்வதில்லை.

கூத்தில் பாத்திரம் முதன்முதலாக வெளிப்படும் முறையும் இவ்வாறே நிதானமானது. இருவர் விரித்துப் பிடித்த துணித் திரைக்குப் பின்னால் நின்று, முகத்தைக் காட்டாமல், தன் பெயரையும் பெருமையையும் விருத்தமாகவும் பாட்டாகவும் விரிக்கும் துரியோதனனைப் பார்வையாளர்கள் முழுமையாகக் காண்பதற்கு நெடுநேரம் ஆகிறது. அதுவரை தெரிவது திரையின் அசைவும், அதற்கு மேலே எட்டிப்பார்க்கும் கிரீடத்தின் மினுக்கமும், கீழே தெரியும் சலங்கைக் கால்களும் மட்டுமே. இந்தத் தாமதத்தை ஊரார் குறையாகக் கருதுவதில்லை, கூத்தின் சுவையே அதில் இருப்பதாகக் கருதுகிறார்கள். ஆகவே, நிகழ்ச்சி குறைவாகவும் காலம் மிகுதியாகவும் உள்ள கலையைப் பார்க்கும் ஆற்றல் இம்மக்களிடம் இல்லை என்று சொல்ல வழியில்லை. திரைப்படம் என்ற வடிவத்தோடு அவர்கள் செய்துகொண்டுள்ள உடன்பாடு வேறுவகையானது என்பதே உண்மைக்கு நெருக்கமான விளக்கம். அந்த உடன்பாடு எவ்வாறு உருவானது, அதை மாற்றிக்கொள்ள முடியுமா, மாற்றிக்கொள்வதால் பார்வையாளருக்குக் கிடைப்பது என்ன என்பவையே இங்கு ஆராயத்தக்கவை.

'மெதுவான சினிமா' என்று இங்கு குறிக்கப்படுவது, கதை நிகழ்ச்சிகளைக் குறைத்து, ஒவ்வொரு ஷாட்டையும் நீட்டி, உரையாடலையும் பின்னணி இசையையும் சுருக்கி, ஓர் இடமும் ஓர் உடலும் காலத்தில் இருப்பதையே காணச் செய்யும் படவகையாகும். ஷாட் என்பது கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரையில், அல்லது படத்தொகுப்பில் ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரையில் உள்ள தொடர்ச்சியான படத்துண்டு. ஒரு படத்தின் மொத்த நேரத்தை அதிலுள்ள ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அப்படத்தின் சராசரி ஷாட் நீளம். 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் பெரும்பாலானவற்றின் சராசரி ஷாட் நீளம் 8 முதல் 11 நொடிகளாக இருந்தது என்றும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது பல படங்களில் 3 முதல் 6 நொடிகளாகக் குறைந்துவிட்டது என்றும் அமெரிக்கத் திரை ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். இன்றைய தமிழ் வணிகப் படங்களின் சண்டைக் காட்சிகளையும் பாடல்களையும் பார்த்துப் பழகிய கண்ணும் இதே வேகத்துக்குப் பயின்ற கண்தான். மூன்று நொடிக்கு ஒருமுறை புதிய செய்தி வந்துகொண்டிருக்கும்போது மனம் தேட வேண்டிய தேவையே எழுவதில்லை, தேட வேண்டியதைப் படமே எடுத்து முன்னால் வைத்துவிடுகிறது. அப்படிப் பழகிய பார்வையாளர் ஒரு நிமிடம் மாறாத ஷாட்டை எதிர்கொள்ளும்போது, தனக்குத் தர வேண்டிய எதையோ படம் தராமல் வைத்திருப்பதாக உணர்வது இயல்பு.

இந்த உணர்வுக்கு எதிர்த் திசையில் உலக சினிமா பலமுறை நடந்திருக்கிறது. பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மான் 1975இல் எடுத்த 'ழான் தீல்மன்' 200 நிமிடங்களைத் தாண்டி ஓடும் படம். ஒரு நடுத்தர வயதுப் பெண் உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவதையும், படுக்கையை விரிப்பதையும், பாத்திரம் துலக்குவதையும், அந்த வேலைகளுக்கு உண்மையில் பிடிக்கும் நேரம் முழுவதும் அப்படம் காட்டுகிறது. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படமாக அது முதலிடம் பெற்றது. ருஷ்ய இயக்குநர் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி, 1983இல் வெளிவந்த 'நாஸ்டால்ஜியா'வில், நீர் வடிந்த குளமொன்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எரியும் மெழுகுவத்தியை அணையாமல் கொண்டுசெல்ல முயலும் மனிதனை ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் நீளும் ஒரே ஷாட்டில் பின்தொடர்கிறார். சுடர் அணையும்போதெல்லாம் அவன் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து மறுபடியும் நடக்கிறான். இந்தியாவில் மணி கௌல் எடுத்த முதல் முழுநீளப் படமான 'உஸ்கி ரோட்டி'யில், பேருந்து ஓட்டுநரான கணவனுக்கு ரொட்டி எடுத்துச் சென்று சாலையோரத்தில் காத்திருக்கும் பெண்ணின் காத்திருப்பே படத்தின் பொருளும் வடிவமும் ஆகிறது. பிரெஞ்சு விமர்சகர் மிஷேல் சிமோன் 2003இல் இத்தகைய படங்களை 'மெதுமையின் சினிமா' என்று சுட்டியதற்குப் பிறகு, இது ஒரு தனிப் போக்காகவே ஆய்வாளர்களால் பேசப்பட்டுவருகிறது.

இப்படங்கள் அனைத்திலும் பொதுவாக உள்ள ஒன்றைத் தமிழ்ப் பார்வையாளர் கருத்தில் கொள்வது நல்லது. ஷாட்டின் நீளம் பெரும்பாலும் ஒரு வேலையின் நீளமாகவோ ஒரு நடையின் நீளமாகவோ ஒரு காத்திருப்பின் நீளமாகவோ அமைகிறது. வெட்டிச் சுருக்கும் படத்தொகுப்பு, 'அவள் சமைத்தாள்', 'அவர்கள் நடந்தார்கள்' என்று செய்தி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த வேலை ஓர் உடலிடமிருந்து எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது செய்தியில் அடங்குவதில்லை. சமைப்பவரின், சுமப்பவரின், நடப்பவரின் நேரம் கணக்கில் வராத சமூகத்தில், அந்த நேரத்தைக் குறைக்காமல் காட்டுவது ஒரு சான்றளிப்பு. அந்தச் சான்றை முழுமையாகக் கேட்டு முடிப்பதே இவ்வகைப் படங்களிடத்தில் பொறுமை எனப்படுவது. அதை நல்லொழுக்கமாகவோ உயர்ந்த ரசனையின் அடையாளமாகவோ கருதுவது தவறான இடத்தில் போய் நிற்கும்.

தமிழ் சினிமாவில் இதற்கான தொடக்கங்கள் பலரும் நினைப்பதைவிட முற்பட்டவை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில், பேத்தி பல இன்னல்களுக்கிடையே கட்டிக்கொண்டிருக்கும், இன்னும் முடிவடையாத வீட்டைப் பார்க்க முதியவர் தனியாகக் கிளம்பிச் செல்லும் பகுதி அத்தகையது. சொக்கலிங்க பாகவதர் நடித்த அம்முதியவர், உரையாடல் ஏதுமின்றி, பூசப்படாத சுவர்களைத் தொட்டும் அறை அறையாக நின்றும் பார்க்கிறார். கதையை நகர்த்தும் செய்தி எதுவும் அந்த நிமிடங்களில் இல்லை. ஆனால் வீடு என்பது ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதைப் படத்தின் மற்ற எல்லா உரையாடல்களையும்விட அதிகமாகச் சொல்வது அப்பகுதிதான். அப்படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு தலைமுறைத் தமிழர்கள் அதைப் பொறுமையின்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்றுவரை அம்முதியவரின் வருகையைத்தான் அவர்கள் முதலில் நினைவுகூர்கிறார்கள். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), மலைத்தோட்டங்களுக்கும் அடிவாரத்துக்கும் இடையே சுமை சுமந்து ஏறி இறங்கும் தொழிலாளர்களின் நடையை, அவர்கள் வழியில் இளைப்பாறும் இடங்களோடும் பேசும் பேச்சுகளோடும் சேர்த்தே காட்டியது. நேர்த்திக்கடனுக்காகத் தீர்த்தமலை ஏறும் ஒருவருக்கு அந்தப் படத்தின் மூச்சிரைப்பு புதிதாக இருக்காது. ஒவ்வொரு நாளும் கூலிக்காக அதே ஏற்றத்தை ஏறுபவரின் முதுகைப் பார்ப்பதே புதிது.

அருண் கார்த்திக் இயக்கிய 'நசீர்' (2020), எழுத்தாளர் திலீப் குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை' என்ற சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை விற்பனையாளராக வேலை செய்யும் ஓர் இசுலாமியரின் ஒரு நாளை, ஏறத்தாழ சதுரத்தை நெருங்கும் பழைய திரை அளவில், விளிம்புகள் வளைந்த சட்டகத்துக்குள் அப்படம் அடக்குகிறது. அதிகாலையில் தண்ணீர் பிடிப்பது, மனைவியை ஊருக்கு வழியனுப்புவது, கடையில் பொம்மைகளுக்கு உடை மாற்றுவது, மதிய உணவு, தொழுகை என அன்றாடம் சிறிதும் அவசரமின்றி விரிகிறது. இறுதியில் ஒரு கும்பலின் வன்முறை அந்த நாளை அறுத்தெறியும்போதுதான், அதுவரை பொறுமையாகப் பார்த்த ஒவ்வொரு சிறு செயலும் எதன் இழப்பு என்பது பார்வையாளருக்கு உறைக்கிறது. நாளிதழின் நான்கு வரிச் செய்தியில் ஒரு பெயராக முடிந்துவிடக்கூடிய மனிதரோடு ஒரு முழு நாளைக் கழித்துவிட்ட ஒருவரால் அந்தச் செய்தியை இனி முன்போல் வாசித்துக் கடக்க முடியாது. ராட்டர்டாம் திரைவிழாவில் இப்படம் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதைப் பெற்றது.

இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமான படம் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021இல் ராட்டர்டாம் திரைவிழாவின் உயரிய புலி விருதை வென்று, அவ்வாண்டு ஆஸ்கர் போட்டிக்கான இந்தியாவின் பரிந்துரையாகவும் தேர்வான இப்படம் ஒன்றேகால் மணி நேரமே ஓடுகிறது. குடிகாரத் தந்தை கணபதி, பள்ளியிலிருந்து மகன் வேலுவை அழைத்துக்கொண்டு, கோபித்துப் பிறந்தகம் சென்ற மனைவியைத் திரும்ப அழைத்துவரக் கிளம்புகிறான். அங்கே அவள் இல்லை, கைகலப்பு நிகழ்கிறது, திரும்பிவரப் பேருந்துக்குக் காசு இல்லாமல்போகிறது, இருவரும் வெயிலில் நடந்து ஊர் திரும்புகிறார்கள். கதை இவ்வளவே. கணவனால் விரட்டப்பட்டுக் கைக்குழந்தையுடன் 13 கிலோமீட்டர் நடந்தே வீடு வந்த தன் சகோதரியின் அனுபவத்திலிருந்து இப்படம் பிறந்ததாக இயக்குநர் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். படத்தில் அந்த நடையைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆணின் கால்களுக்கு மாற்றியிருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்க முடிவு. வழக்கமாகப் பெண் நடக்கும் தூரத்தை அவளை விரட்டியவனே நடந்து பார்க்கும்படி படம் செய்துவிடுகிறது.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டிப் பகுதியின் கோடையில் இப்படம் எடுக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிரான மக்கள் போராட்டத்தால் நாடறிந்த அதே அரிட்டாபட்டிதான் இது. அங்கே தந்தையும் மகனும் நடப்பதைக் கேமரா பின்னாலிருந்தும், காலளவிலிருந்தும், வெகுதொலைவிலிருந்தும் தொடர்கிறது. முதல் சில நிமிடங்களில் பார்வையாளர் அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்கிறார். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறாமல் தளர்ந்த பிறகே கண் வேறு வேலைகளைத் தொடங்குகிறது: மகன் தந்தைக்கும் தனக்கும் இடையில் வைத்துக்கொள்ளும் இடைவெளியை அளக்கிறது, உடைந்த கண்ணாடிச் சில்லால் தந்தையின் முதுகில் ஒளியைப் பாய்ச்சி அவன் செய்யும் சிறு பழிவாங்கலைக் கவனிக்கிறது, வழியில் எலியை வளையிலிருந்து புகைபோட்டுப் பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பத்தைக் கதையோடு தொடர்பில்லாதது என்று ஒதுக்காமல் பார்க்கிறது. தாகத்தைத் தாங்கச் சிறுவன் வாயில் அடக்கிக்கொள்ளும் கூழாங்கல்லை வீடு வந்ததும் எடுத்து வைக்கும் இடத்தில் ஏற்கெனவே பல கற்கள் இருக்கின்றன. இத்தகைய நடை இதற்கு முன்னும் பலமுறை நிகழ்ந்திருக்கிறது என்ற செய்தி ஒரு சொல்லும் இல்லாமல் வந்துசேர்கிறது. நடையை வெட்டிச் சுருக்கியிருந்தால் அக்கற்களின் எண்ணிக்கைக்கு எடையே இருந்திருக்காது. படத்தின் இறுதியில், குழியில் ஊறும் நீரைச் சிறிது சிறிதாக அள்ளிக் குடத்தை நிரப்பும் பெண்ணின் வேலையைக் கேமரா விலகாமல் பார்க்கிறது. தீர்த்தமலையில் பாறை முகட்டிலிருந்து மெல்லிய தாரையாக விழும் இராமர் தீர்த்தத்தின் கீழ் முறைவைத்து நிற்பவர்களுக்கும், குடிநீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் தருமபுரிப் பெண்களுக்கும் அந்த ஷாட்டின் நீளத்தை விளக்கிச் சொல்ல எந்த விமர்சகரும் தேவையில்லை.

அப்படியானால் வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் திரையரங்குகளுக்கு வந்தபோது எழுந்த குழப்பத்தை எவ்வாறு புரிந்துகொள்வது? பின்னணி இசையே இல்லாத அப்படத்தில், காதலித்ததற்காகப் 'பேய் பிடித்தவள்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணைக் குடும்பமே சேர்ந்து ஆட்டோவிலும் இருசக்கர வாகனங்களிலும் சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறது. அன்னா பென் நடித்த அந்தப் பெண் ஏறக்குறைய படம் முழுவதும் பேசுவதில்லை, படமும் தீர்வைச் சொல்லாமல் முடிகிறது. பிரபல நடிகர் சூரியின் முகத்தைச் சுவரொட்டியில் பார்த்து வந்தவர்களில் பலர் முடிவில் ஏமாற்றத்துடன் வெளியேறினார்கள். இப்படத்தைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கவே கூடாது என்ற குரல் திரையுலகுக்குள்ளிருந்தே கேட்டது. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பார்வையாளர் ஏமாந்ததற்குக் காரணம் படத்தின் நிதானத்தைவிட, வாயிலில் தரப்பட்ட வாக்குறுதிக்கும் உள்ளே நிகழ்ந்ததற்கும் இருந்த வேறுபாடு. பாரதக் கூத்துக்கு வருபவர் எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வருகிறார்; கதை முன்பே தெரியும், விடிய நேரமாகும் என்பதும் தெரியும். அத்தகைய அறிமுகம் எதுவுமின்றி, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் நடுவே, நான்கு நாட்களில் லாப நட்டம் முடிவாகிவிடும் ஏற்பாட்டில் வெளியாகும் படத்துக்குத் தன் பார்வையாளரைப் பழக்கிக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை.

கூத்துக்கும் அரங்கத் திரையிடலுக்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு. கூத்துக்களத்தில் பார்வையாளர் தூங்கலாம், எழுந்து சென்று தேநீர் குடித்து வரலாம், பக்கத்திலிருப்பவரிடம் கேட்டு விட்டதை அறிந்துகொள்ளலாம். கவனம் தளர்வதும் மீள்வதும் அந்தக் கலையின் ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. மெதுவான சினிமாவோ இமை கொட்டாத கவனத்தைக் கோருகிறது என்ற அச்சம் பலரை அதனிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி, அரங்கில் பார்வையாளரைத் தூங்கவைக்கும் படங்களைத் தாம் விரும்புவதாகவும், அப்படிப்பட்ட சில படங்களே பின்னர் இரவுகளில் தம்மை விழித்திருக்கச் செய்ததாகவும் கூறியது இங்கு நினைக்கத்தக்கது. நீண்ட ஷாட்டின் நடுவே மனம் தன் வீட்டுக்கும் வயலுக்கும் சென்று திரும்பினால் படத்துக்குக் குற்றம் செய்துவிட்டதாகப் பார்வையாளர் கருத வேண்டியதில்லை. அந்த அலைவுக்கும் மீட்சிக்கும் இடம் தருவதற்காகவே ஷாட் நீள்கிறது. அலைந்து திரும்பிய மனம் அதே சட்டகத்தில் முன்பு காணாத ஒன்றைக் கண்டுகொள்ளும் கணத்தில்தான் பொறுமை என்பது சகிப்பிலிருந்து பிரிந்து கவனிப்பாக மாறுகிறது. ஒலி இதற்குப் பெருந்துணை. பின்னணி இசை இல்லாத படத்தில் காற்றும் செருப்புச் சத்தமும் தொலைவில் குரைக்கும் நாயும் சட்டகத்துக்கு வெளியே உள்ள உலகை விரிப்பதால், கண் களைத்த இடத்தில் செவி வேலையைத் தொடர்கிறது.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். மெதுமை தன்னளவில் ஒரு தகுதியன்று. 2010இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் ஆசிரியர் நிக் ஜேம்ஸ், இத்தகைய படங்களில் சில பார்வையாளரின் நேரத்தை வாங்கிக்கொண்டு மிகக் குறைவாகவே திருப்பித் தருகின்றன என்று எழுதியதால் எழுந்த விவாதம் பயனற்றதன்று. ஐரோப்பிய விழாக்களின் தேர்வுக்குழுக்களுக்குப் பிடித்தமான வடிவம் என்று அறியப்பட்ட பிறகு, வறண்ட நிலமும் பேசாத மனிதர்களும் நீண்ட ஷாட்டும் ஒரு வாய்பாடாக உறைந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஏழையின் வீட்டு வாசலில் கேமராவை நிறுத்திவிட்டு நேரத்தை ஓடவிடுவது சான்றளிப்பாகிவிடாது. ஒரு ஷாட் நீள்வதால் யாருடைய நேரம் பார்வையாளருக்குத் தெரியவருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும்: நடப்பவரின், காத்திருப்பவரின், உழைப்பவரின் நேரம் என்று விடை வந்தால் அந்த நீளத்துக்குப் பொருள் உண்டு, இயக்குநர் தம் நிதானத்தைக் காட்டிக்கொள்ளும் நேரம் மட்டுமே என்றால் பார்வையாளரின் சலிப்பு நியாயமானது, அதை அவர் வெளிப்படையாகச் சொல்லும் உரிமையும் உடையவர்.

இவ்வகைப் படங்களைப் பார்த்துப் பழகும் பயிற்சிக்கான சூழல் இன்று எளிதாகவும் கடினமாகவும் இருக்கிறது. ஒரு காலத்தில் இப்படங்களைக் காணப் பெருநகரத் திரைப்படச் சங்கங்களை நாட வேண்டியிருந்தது. 'கூழாங்கல்' 2023இல் இணையத் தளத்தில் வெளியானதால் அரூர்ப் பகுதி இளைஞர் தம் கைப்பேசியிலேயே அதைப் பார்க்க முடிகிறது. ஆனால் அதே கைப்பேசியில் பத்து நொடி தாண்டிச் செல்லும் வசதியும், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதியும், இடையே வந்து விழும் செய்திகளும் உள்ளன. தாண்டிச் செல்லும் ஒவ்வொரு முறையும் கணபதியும் வேலுவும் நடக்க வேண்டிய தூரம் குறைகிறது, படத்தின் பொருளும் அதே அளவுக்குக் குறைகிறது. தவிர, கையகலத் திரையில் தொலைவில் புள்ளியாக நடந்துவரும் மனிதரை அடையாளம் காணவே இயலாது.

இதற்கு மாற்றான முன்மாதிரி அண்டை மாநிலத்தில் உண்டு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், 1984இல் கேரளத்தில் நண்பர்களுடன் ஒடேசா கூட்டமைப்பைத் தொடங்கி, மக்களிடம் நன்கொடை திரட்டி எடுத்த 'அம்மா அறியான்' (1986) படத்தைத் திரையரங்குகளை நம்பாமல் ஊர் ஊராகக் கொண்டுசென்று திரையிடச் செய்தார். 16 மி.மீ. புரொஜெக்டரைச் சுமந்து சென்ற அக்காலத்தைவிட இன்று அத்தகைய திரையிடல் மிக எளிது. ஒரு டிஜிட்டல் புரொஜெக்டரும், வெள்ளைத் திரையும், நல்ல ஒலிபெருக்கியும் இருந்தால் கூத்து நடக்கும் அதே திடலில் 'கூழாங்கல்'லையோ 'வீடு' படத்தையோ ஓர் ஊரே பார்க்க முடியும். வழக்கமான இடைவேளை ஒன்றேகால் மணி நேரப் படத்துக்குத் தேவையில்லை. நடையின் நடுவே விளக்கைப் போடுவது அந்த நடையை உடைத்துவிடும். வாய்ப்பிருந்தால் ஒரே படத்தை இரண்டு மாலைகள் திரையிடுவது இன்னும் சிறந்தது. முதல் மாலையில் என்ன நடக்கும் என்ற கவலை பெரும்பகுதிக் கவனத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் மாலையில் கதை தெரிந்துவிட்டதால் மக்கள் பாரதத்தைப் பார்க்கும் முறையிலேயே படத்தையும் பார்க்கத் தொடங்குவார்கள், அப்போது எந்தக் காட்சி நீளம், எது போதவில்லை, எந்த நடை பொய் என்று சொல்லும் விமர்சனம் திடலிலிருந்தே எழும்.